சிவப்புத் தடியும் என்னுடைய புத்தியும்

பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் பதியப்பட்ட திகதி 2024.09.18, முற்பகல் 10.20. பெயர் செந்தூரன் பிரேமிளா. வயது 43. முகவரி ஜெயபுரம் வடக்கு. தொழில் வயல் செய்கை.

நான் மேற்படி முகவரியில் என் மகள் யதுர்ஷிகாவுடன் (வயது 13) வசித்து வருகிறேன். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். 2014 முதல் 2019 வரை கண்ணிவெடி அகற்றும் நிறுவனமொன்றில் வேலை செய்தேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது, என்னை ஆஸ்பத்திரி மனநல வாட்டில் சேர்க்க வேண்டும் என்று பக்கத்து வயல்காரர் யோகலிங்கம் அண்ணை கொடுத்த முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் செய்ததாக அதில் உள்ளவை எல்லாம் உண்மை. புத்தி பற்றிய பகுதி மட்டும் பிழை. என்னை வாட்டில் மறித்தால் கணவரின் தமக்கை என் மகளை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப் போய்விடுவார் என்பதால் ஒன்றும் மறைக்காமல் சொல்கிறேன்.

கடந்த மாதம் 29ஆம் திகதி காலை, மழைக்காலக் காலபோக உழவுக்கு முன் வயலைப் பார்க்கப் போனபோது ஆட்காட்டிக் குருவி ஒன்று தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றியது. அது வெறும் நிலத்தில் முட்டையிடும் குருவி. முட்டையும் மண்கட்டியும் ஒரே நிறம். அதன் பின்னர் நான் முழங்காலிட்டு, வேலையில் பழகியபடி, ஒரு முழம் நிலத்தைப் பார்த்து முடித்த பிறகே அடுத்த முழத்துக்குப் போனேன். இப்படி மூன்று நாள் காலையில் தேடி நான்கு கூடு கண்டேன். நான் குருவியோடு கதைத்ததாக முறைப்பாட்டில் உள்ளது. ஆம், கதைத்தேன். "சும்மா கத்தாதை, உன்ரை முட்டையை மிதிக்க நான் வரேல்லை" என்றுதான் சொன்னேன். மாட்டோடு கதைக்கிறவர்களை யாரும் பொலிசுக்குக் கொண்டுவருவதில்லை.

அதன் பின்னர் ஒவ்வொரு கூட்டைச் சுற்றியும் நான்கு தடி நட்டேன். வீட்டில் மிஞ்சிக் கிடந்த பெயின்ட் சிவப்பு. இதில் பிழை என்னுடையதுதான். எங்கள் பகுதியில் சிவப்புத் தடி என்றால் உள்ளே வெடி, வெள்ளை என்றால் துப்புரவாக்கிய நிலம் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஐந்து வருடம் அதே தடியை நட்டவளுக்கு அது ஞாபகம் வரவில்லை. உழவு மெசின் நிற்க வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. மெசின் நன்றாகவே நின்றது. ஓட்டி வந்த நிருஷன் தடியைக் கண்டதும் மெசினை அப்படியே விட்டு, வந்த ரயர்த் தடத்தில் மட்டும் கால் வைத்து றோட்டுக்கு நடந்து போனான். பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கக் கதை பரவியது.

அதன் பின்னர் குருவிக்காக நட்டது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். வெடியை மறைக்கிறேன் என்று நினைத்து நிருஷன் வர மறுத்தான். யோகலிங்கம் அண்ணையோ குருவி என்றதும் எனக்குப் பைத்தியம் என்று முடிவு செய்தார். அவருடைய வயலுக்கு என் வயலைத் தாண்டித்தான் மெசின் போக வேண்டும். மழைக்கு முன் உழ முடியாமல் அவர் தவித்தது உண்மை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

அதன் பின்னர் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி சொன்னபடி இம்மாதம் 13ஆம் திகதி மகளுடன் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனேன். வைத்தியர் மஸீனா ஒரு மணித்தியாலம் கதைத்தார். ஊரில் வேறு யாரும் இப்படிச் செய்வார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். "ஊரிலை ஒருத்தரும் செய்யாததைச் செய்யினம் எண்டதுக்காக மட்டும் மனநோய் எண்டு நாங்கள் எழுதிறேல்லை" என்றார். நித்திரை, சாப்பாடு, வீட்டு வேலை ஒழுங்கா, தடி நடாமல் விட்டால் பயம் வருமா, இதனால் யாருக்கும் ஆபத்து உண்டா, நான் வேதனைப்படுகிறேனா என்று கேட்டார். எல்லாம் ஒழுங்கு, பயமில்லை, முட்டை உடைந்தால் கவலை வரும், அவ்வளவுதான் என்றேன். அதை உடனே நம்பாமல் மகளையும் தனியாகக் கேட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. வெடி தேடும் கருவி ஆணிக்கும் கத்தும், பால்பேணித் தகரத்துக்கும் கத்தும். மண்ணை விலக்கிப் பார்க்காமல் நாங்கள் ஒன்றையும் வெடி என்று எழுதியதில்லை.

அதன் பின்னர் அவர், "முந்தி எப்பவாவது கஷ்டப்பட்டனீங்களோ?" என்று கேட்டார். 2019இல் வேலையை விட்ட பிறகு எட்டு மாதம் எனக்கு நித்திரை இல்லை, சோற்றில் ருசி இல்லை, மகளின் முகத்தைப் பார்த்தாலும் மனதில் ஒன்றும் தோன்றவில்லை என்று சொன்னேன். அந்த எட்டு மாதமும் நான் முற்றம் கூட்டினேன், சமைத்தேன், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன், யாரோடும் கதைக்கவில்லை. அடக்கமான பெண் என்று ஊர் சொன்னது. ஒருவரும் முறைப்பாடு கொடுக்கவில்லை. வைத்தியர் பேனையை வைத்துவிட்டு, "அப்பதான் நீங்கள் என்னட்டை வந்திருக்கோணும்" என்றார். இப்போது எனக்கு மனநோய் எதுவும் இல்லை என்று அவர் தந்த கடிதத்தை இத்துடன் ஒப்படைக்கிறேன். மகள் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அதன் பின்னர் நேற்றுக் காலை சிவப்பைச் சுரண்டிவிட்டு, தடிகளில் மகளின் பழைய பச்சைச் சட்டையைக் கிழித்துக் கட்டினேன். மூன்று கூட்டில் குஞ்சு பொரித்துப் போய்விட்டது. முட்டையைக் கண்ணால் காட்டிய பிறகு, மிச்சக் கூட்டைச் சுற்றி நிருஷன் மெசினை ஓட்டினான். பின்னேரம் யோகலிங்கம் அண்ணை தனியாக வந்து அந்தக் கூட்டின் பக்கத்தில் குந்தியிருந்து கனநேரம் பார்த்தார். குருவி அவர் தலைக்கு மேல் கத்தியது. "கத்தாதையணை, போறன்" என்று அதற்குச் சொல்லிவிட்டு எழும்பினார். அவர் மீது எனக்கு முறைப்பாடு எதுவும் இல்லை.

மேலே உள்ளவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. நடந்தது நடந்தபடி எழுதப்பட்டிருக்கக் கண்டு, முழுப் புத்தியுடன் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) செ. பிரேமிளா