முகத்தாலும் சொல்லவில்லை

2025 மார்ச் 11ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலை 10.20 மணி. கணினிக் குற்ற விசாரணைப் பிரிவு, மட்டக்களப்பு. பதிவு செய்பவர்: பெண் பொலிஸ் சார்ஜன்ட் ஆர்த்திகா.

பெயர்: றொசானி ஜெராட். வயது: 36. மதம்: றோமன் கத்தோலிக்கம். தொழில்: தனியார் கல்வி நிலையமொன்றில் கணினிப் போதனாசிரியர். விலாசம்: கடற்கரை வீதி, கல்லடி.

நான் மேற்படி விலாசத்தில் எனது கணவர் ஜெராட்டுடன் வசித்து வருகிறேன். சொனாவெல் லங்கா என்னும் நிறுவனம் செய்துள்ள முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அந்நிறுவனத்தின் மென்பொருள் இரகசியங்களை நான் கணவருக்குக் கொடுத்ததாகவும், அவர் அவற்றைக் கொண்டு அதே வேலையைச் செய்யும் வேறொரு மென்பொருளை எழுதி இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாக விட்டதாகவும் அதில் கூறப்பட்டுள்ளது. அது பற்றி எனக்குத் தெரிந்ததைக் கூறுகிறேன்.

2017 முதல் 2021 வரை நான் அந்நிறுவனத்தின் கொழும்பு அலுவலகத்தில் மென்பொருள் எழுதும் வேலை செய்தேன். காதுக் கருவிகளை ஒவ்வொருவருடைய கேள்வித் திறனுக்கும் ஏற்பச் சரிசெய்யும் மென்பொருள் அது. அங்கே கண்டதை ஒருவருக்கும் வெளியிடமாட்டேன் என்று ஒப்பமிட்டுக் கொடுத்திருக்கிறேன். கருவியைத் தமிழ்ப் பேச்சுக்குப் பரீட்சிக்க அழைக்கப்பட்டவர்களில் ஜெராட்டும் ஒருவர். நான் சொல்லும் சொற்களை அவர் திருப்பிச் சொல்லவேண்டும். சரியாகச் சொன்னவற்றை விடப் பிழையாகச் சொன்னவற்றுக்கு அவர் அதிகம் சிரித்தார். அதன் பின்னர் 2021 டிசம்பரில் நாங்கள் விவாகம் செய்தோம். நான் வேலையை விட்டு மட்டக்களப்புக்கு வந்தேன்.

கணவருக்குச் சிறு வயது முதல் இரு காதும் கேட்பது குறைவு. அவர் வவுணதீவுப் பக்கத்து நெல் ஆலைகளுக்கு எடைத் தராசோடு இணைக்கும் கணினி வேலைகள் செய்து கொடுப்பவர். 2024 ஜனவரியில், அவர் போட்டிருந்த வகைக் கருவிக்கு இனிமேல் சேவை இல்லை என்றும் புதியது வாங்கும்படியும் நிறுவனம் அறிவித்தது. கருவிகள் இரண்டும் பழுதில்லை. ஆனால் அவருடைய கேட்கும் திறன் மேலும் குறைந்திருந்தபடியால் அவற்றை மறுபடி சரிசெய்ய வேண்டியிருந்தது. நிறுவனத்தின் மென்பொருளைப் பாவிக்கும் அனுமதி, காத்தான்குடியில் செவிப் பரிசோதனை நிலையம் நடத்தும், மென்பொருள் எழுதவும் தெரிந்த பஹீமாவிடம் பெப்ரவரி முடியும் வரை மட்டும் இருந்தது. அதற்குள் பஹீமா பல தடவை அவருடைய கருவிகளைத் கம்பியால் தன் கணினியோடு இணைத்துச் சரிசெய்தார். அந்த நேரங்களில் கம்பியினூடாகப் போய்வரும் இலக்கங்களைக் கணவர் பதிவு செய்துகொண்டார். நிறுவனத்தின் மென்பொருளை அவர் திறந்து பார்க்கவில்லை.

அதன் பின்னர் ஒரு நாள் நான் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது அவர் குசினிக்கு வந்து, இலக்கங்களைப் பார்த்தே தானாக ஒரு மென்பொருள் எழுதப்போவதாகக் கூறினார். அப்போது அவர், “றொசானி, நீ எனக்கு ஒண்டும் சொல்லிப்போடாத. முகத்தாலயும் சொல்லிப்போடாத” என்றார். கணவர் உதட்டையும் முகத்தையும் பார்த்தே பாதிப் பேச்சை விளங்கிக்கொள்பவர். ஆகையால் நான் என் மேசையைப் பின்னறைக்கு மாற்றினேன். அவர் வேலை செய்யும் நேரங்களில் அவருக்கு முதுகு காட்டியே நடமாடினேன்.

அவர் கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் இலக்கங்களை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். ஏப்ரலில் ஓர் இடத்தில் முன்னுக்கு வரவேண்டிய இலக்கத்தைப் பின்னுக்கு வைத்து எழுதினார். அறையைக் கூட்டும்போது என் கண்ணில் பட்டது. அது பிழை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அதன் பின்னர் பதினொரு நாட்கள் அவர் அந்தப் பிழையின் மேலேயே கட்டிக்கொண்டு போனார். சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போவார். ஏழாம் நாள் நான் கரடியனாற்றில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். நான் போன ஐந்தாம் நாள் அவர் மோட்டார் சைக்கிளில் அங்கு வந்தார்.

“என்னில கோவமா?” என்று கேட்டார்.

“இல்லை. முகத்தை வச்சிருக்க ஏலாமப் போச்சு” என்றேன்.

அவர் வாசலில் நின்றபடியே, “நேத்துக் கண்டுபிடிச்சிட்டன். முன்பின்னா எழுதியிருக்கன், மடையன்” என்றார். நான் அக்காவின் வீட்டுக்குப் பின்னால் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவரோடு புறப்பட்டேன்.

இந்தப் பதினொரு நாள் பிழையும் அதைத் திருத்திய நாளும் அவர் இணையத்தில் வைத்திருக்கும் வேலைப் பதிவில் இருக்கின்றன. எவரும் பார்க்கலாம்.

2024 ஆகஸ்ட் 17ஆம் திகதி சனிக்கிழமை காலை நடந்ததை நானாகவே கூறுகிறேன். இது முறைப்பாட்டில் இல்லை. கணவர் கருவியை இடது காதில் போட்டபடியே கட்டளைகளை ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்ப்பது வழக்கம். நான் காய்ந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் போகும்போது, அவர் அடுத்ததாக அனுப்ப எழுதி வைத்திருந்த கட்டளையைக் கண்டேன். அது கருவியின் சத்தத்துக்கு இருக்கும் எல்லையை எடுத்துவிடும். அவருக்கு மிச்சமிருக்கும் கேட்கும் திறனும் அத்தோடு போய்விடலாம். நான் உடுப்புகளைக் கீழே போட்டுவிட்டு அவருடைய காதிலிருந்து கருவியைப் பிடுங்கினேன். என் நகம் பட்டு அவருடைய காது மடலில் இரத்தம் வந்தது. அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அந்த நேரம் என்னால் முகத்தைத் திருப்ப முடியவில்லை.

அதன் பின்னர் அவர் கணினியை மூடினார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் வந்தார்.

“இப்ப எனக்குத் தெரிஞ்சிட்டு. நீ சொல்லிப்போட்ட.”

“ஓம்.”

“அப்ப அந்த இடத்தை நான் எழுதக் கூடாது.”

“காது பெரிசா, நியாயம் பெரிசா?” என்று நான் கேட்டேன்.

“நீ காதைப் பாத்த. நான் மத்ததைப் பாக்கிறன்” என்றார்.

அன்று மாலையே அவர் தம் வேலைப் பதிவில், முன்பு அந்நிறுவனத்தில் வேலை செய்த தம் மனைவி இன்று தம்மைத் தடுத்தார் என்றும், ஆகையால் இந்தப் பகுதியைத் தாம் எழுதப்போவதில்லை, வேறு யாராவது தாமாகக் கண்டுபிடித்து எழுதவேண்டும் என்றும் எழுதினார். அதை எழுத முன்வந்த பஹீமாவிடம், “எந்தக் கட்டளையையும் காதில வச்சுப் பார்க்காதீங்க, அளக்கிற பெட்டியில வச்சே பாருங்க” என்று மட்டும் கூறினார். எது ஆபத்தானது என்று கூறவில்லை. பஹீமா தன் நிலையத்தில் சத்தம் அளக்கும் பெட்டியில் கருவியை வைத்து, முதல் கட்டளையிலிருந்தே தொடங்கி, ஐந்து வாரங்களில் அந்தப் பகுதியைத் தானே எழுதி முடித்தார். அந்த ஐந்து கிழமையும் நான் காத்தான்குடிப் பக்கம் போகவில்லை. பஹீமாவின் மகளின் பிறந்தநாளுக்கும் போகவில்லை.

செப்டெம்பர் 28ஆம் திகதி முழு வேலையும் முடிந்தது. கணவர் கருவிகளைப் போட்டுக்கொண்டு, எதையாவது வாசிக்கும்படி என்னிடம் கேட்டார். கையில் அகப்பட்டது தண்ணீர்க் கட்டணப் பட்டியல். அதை வாசித்தேன். அவர் கணினியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். மூன்றாவது தடவை வாசிக்கும்போது கையைக் காட்டி நிறுத்தினார். “உன்ட பேரைச் சொல்லு” என்றார். சொன்னேன். “நடுவில ‘சா’ கேக்குது. எவ்வளவு காலமா அது இல்லாம இருந்திச்சு” என்றார். தண்ணீர்ப் பட்டியலின் மிச்சத்தை நான் வாசிக்கவில்லை.

அதன் பின்னர் ஒக்டோபரில் அந்த மென்பொருள் இணையத்தில் விடப்பட்டது. அதை எவரும் எடுத்துப் பாவிக்கலாம், உள்ளே எழுதியிருப்பதைப் பார்க்கலாம், திருத்தலாம். இதே வகைக் கருவி போட்ட பத்தொன்பது பேருக்குப் பஹீமா இதைக் கொண்டு சரிசெய்து கொடுத்திருக்கிறார்.

கேட்கப்பட்டதற்குப் பதில்: இரண்டு மென்பொருளும் ஒரே வேலையைச் செய்வது உண்மை. ஆனால் நிறுவனத்தின் மென்பொருளில் ஒரு பிழை உண்டு. அதை எழுதியது நான். என் கையால் விட்ட பிழை. அது இன்னும் திருத்தப்படவில்லை என்று நினைக்கிறேன். பார்த்து எழுதியிருந்தால் அந்தப் பிழையும் கூடவே வந்திருக்கும். கணவருடைய மென்பொருளில் அது இல்லை. அவருடைய பிழைகள் வேறு.

கேட்கப்பட்டதற்குப் பதில்: அந்தப் பிழை என்னவென்று கூறமாட்டேன். நிறுவனத்தாருக்குத் தெரியும், அவர்களே பார்த்துக்கொள்ளலாம். நான் ஒப்பமிட்டுக் கொடுத்த வாக்கு இன்னும் இருக்கிறது. கணவருக்குச் சொல்லாததை இந்தத் தாளிலும் சொல்ல முடியாது. நீதிமன்றம் கட்டளையிட்டால் நீதவானிடம் சொல்வேன்.

கேட்கப்பட்டதற்குப் பதில்: முதல் நாளே சொல்லியிருந்தால் ஏழு மாதம் முந்தியே அவருக்குக் கேட்டிருக்கும் என்பது எனக்குத் தெரியும். அது எனக்குக் கவலைதான். அந்த மாதங்களில் நான் கூப்பிட்டும் அவர் திரும்பாத நாட்கள் உண்டு. ஆனால் நான் சொல்லியிருந்தால் அது அவர் ஒருவருக்கு மட்டும் கேட்டிருக்கும். மற்றவர்களுக்குக் கையில் கொடுக்க முடியாத களவுப் பொருளாகப் போயிருக்கும். ஆகஸ்ட் 17ஆம் திகதி நான் செய்தது குற்றமாக இருந்தால் அது என்னுடையது மட்டும். அதே நிலை மறுபடி வந்தாலும் அதையே செய்வேன்.

ஒரு வேண்டுகோள் உண்டு. கணவருடைய மடிக்கணினியையும் கம்பிகளையும் கலண்டர் தாள்களையும் சான்றுப் பொருளாக எடுத்துக்கொள்ளலாம். காதுக் கருவிகளை எடுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவற்றை எடுத்தால், நாளை இதே கதிரையில் அவரை இருத்திக் கேட்கும் கேள்விகள் அவருக்குக் கேளாது. என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறார் என்று பிறகு எவரும் சொல்லவும் கூடாது.

எனக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடி கூறினேன். கூறியவை உண்மை. இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. விளங்கி, சரியென ஏற்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) றொசானி ஜெராட்

பதிவு செய்தவரின் குறிப்பு: பிற்பகல் 1.05க்கு வாக்குமூலம் முடிவுற்றது. மடிக்கணினி ஒன்று, கம்பிகள் இரண்டு, கலண்டர் தாள்கள் பதினான்கு பொறுப்பேற்கப்பட்டன. காதுக் கருவிகள் எடுக்கப்படவில்லை. வெளியே நீள வாங்கில் அமர்ந்திருந்த கணவர் ஜெராட்டை நாளை காலை 9 மணிக்கு வரும்படி வாய்மொழியாக அறிவித்தேன். எழுதிக் காட்டத் தேவை ஏற்படவில்லை.

(ஒப்பம்) ஆர்த்திகா, பெண் பொலிஸ் சார்ஜன்ட்