லெய்டனில் ஒரு 'வை'

ஒடென்சே நகர டிராமில் எனக்கு முன்னிருக்கையில் ஒரு தமிழ்த் தம்பதி இருந்தார்கள். மனைவி திடீரென்று உரத்துச் சொன்னார்:

"ஒல்லாந்துக்காரனே மன்னிப்புக் கேட்டிட்டான். நீங்கள் எப்ப கேக்கப் போறியள்?"

"ஆர், எங்கட 'லெய்டன்' கடைக்கு வந்து, பேர் பிழையெண்டு சொன்னவனோ?"

"ஓம். லெய்டன் தன்ர ஊராம், அதுக்கு இங்கிலிஷ் 'ஐ' எழுத்துத்தான் வருமாம், நாங்கள் 'வை' போட்டிருக்கிறமாம். அவன் சிரிக்க நீங்களும் சேர்ந்து சிரிச்சியள். போர்டை மாத்துவம் எண்டு என்னோட எவ்வளவு சண்டை!"

"அவன்ர ஊர்ப் பேர் அவனுக்குத் தெரியாதோ எண்டு நினைச்சன்."

"எனக்கு என்ர ஊர்ப் பேர் தெரியாதோ? எங்கட வேலணைத் தீவுக்கு லெய்டன் எண்டு பேர் வைச்சதே அவங்கட ஆக்கள்தான். அந்தக் காலத்திலை 'வை' போட்டுத்தான் எழுதினவை. பிறகு அங்கை மாத்திப்போட்டினம். எங்கட தீவிலை மாறேல்லை."

"அது அவனுக்கு எப்பிடி விளங்கினது?"

"லீவுக்குத் தன்ர ஊருக்குப் போனவன். அங்கை ஒரு பழைய கட்டிடத்துக் கல்லிலை 'வை' போட்டு வெட்டியிருக்காம். படமெடுத்துக் கொண்டுவந்து காட்டினான். எனக்குக் கண் கலங்கிப் போச்சு. வேலையிடத்து ஆக்கள் எல்லாருக்கும் எங்கட கடை மட்டன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு போனான்."

கணவர் சிரித்துவிட்டார்.

"சரியப்பா, நான் சிரிச்சது பிழைதான். நீர் வெண்டிட்டீர். போர்டை இனி மாத்தத் தேவையில்லை."

"ஆர் சொன்னது? மாத்தத்தான் போறன். அந்த 'வை'யைப் பெரிசாக்கி, அதுக்கு மட்டும் லைற் போடப் போறன்."