தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்

சுசீலாபாய்: யாரு... தொட்டிக்குப் பின்னால யாரு நிக்கிறது?

தாசம்மாள்: கத்தாத சுசீலா. நான்தான்.

சுசீலாபாய்: தாசம்மாக்காவா! என் உசுரே போச்சு. உங்க ஆணிக்கடை அந்த முக்குல கிடக்கு. எங்க ஜவுளிக்கடை மொட்ட மாடியில உங்களுக்கு என்ன வேல?

தாசம்மாள்: போன் பண்ண வந்தேன். மக துபாய்ல இருக்கால்ல... இங்கதான் நல்லா ரேஞ்ச் கிடைக்குது.

சுசீலாபாய்: போன் எங்க?

தாசம்மாள்: ...கடையில சார்ஜுக்குப் போட்டிருக்கேன்.

சுசீலாபாய்: சார்ஜுக்குப் போட்டுட்டு, போன் பண்ண இங்க வந்தீங்க. சரிதான்.

தாசம்மாள்: நீ எதுக்கு வந்த? அதச் சொல்லு முதல்ல.

சுசீலாபாய்: நான்... வெயில் கொள்ள வந்தேன். டாக்டரு சொன்னாரு. வைட்டமின் குறவாம்.

தாசம்மாள்: உச்சி வெயில்லயா? கையில அது என்ன, மடிச்சு வச்சிருக்க?

சுசீலாபாய்: பில்லு.

தாசம்மாள்: பில்லுல 'பல்லவி'ன்னு எழுதிருக்கு.

சுசீலாபாய்: ...கண்ணு நல்லாத்தான் தெரியுது உங்களுக்கு.

தாசம்மாள்: பாடிப் பழக வந்தேன்னு சொல்லிட்டுப் போயேன். ஞாயித்துக்கிழம சர்ச்சுல அறுப்பின் பண்டிகை, பிஷப்பு வாறாரு, பாட்டுக் கொயர்ல நிக்கப்போற. இதுல என்ன வெக்கம்?

சுசீலாபாய்: ஆமா, நீங்க ரொம்ப யோக்கியம். படியேறி வரும்போதே கேட்டுச்சு, 'ஆ... ஆ...'ன்னு. துபாய்க்கு போன் இல்லாமலே எட்டியிருக்கும்.

தாசம்மாள்: சரி விடு. ரெண்டு பேரும் ஒரே திருட்டுக்குத்தான் வந்திருக்கோம். உக்காரு.

சுசீலாபாய்: வாச்மேன் விஜய்குமார் உங்களுக்கு எப்பிடிச் சாவி குடுத்தாரு?

தாசம்மாள்: அவருட்டயும் துபாய் கததான்.

சுசீலாபாய்: அதெல்லாம் எதுக்கு? உங்களுக்கு வீட்ல இடம் இல்லையா?

தாசம்மாள்: வீட்லயா! அவரு விழிஞ்ஞம் போர்ட்ல நைட் டூட்டி. பகல் பூரா தூக்கம். நான் வாயத் தொறந்தா தலகாணி பறந்து வருது. உனக்கு என்ன கொள்ள? நீ வீட்ல பாடலாமே.

சுசீலாபாய்: லைன் வீடுக்கா. நான் சுவத்துல ஆணி அடிச்சா அடுத்த வீட்டு காலண்டர் விழும். அடுத்த வீடு யாரு? கொயர் செக்ரட்டரி. ஒரு சரணம் தப்பாப் போச்சுன்னா சாயங்காலத்துக்குள்ள சபை பூரா தெரிஞ்சிரும்.

தாசம்மாள்: நான் சங்குமுகம் கடலுக்கும் போயிப் பாத்துட்டேன், கேளு. ஆளில்லாத பக்கமா நின்னு, கண்ண மூடி, நல்லா இழுத்துப் பாடுனேன். கண்ணத் தொறந்தா ரெண்டு லேடி போலீஸ். ஒண்ணு என் கைய இறுக்கிப் பிடிச்சிருக்கு. 'சேச்சி, வீட்டில் எந்தெங்கிலும் ப்ரஸ்னம் உண்டோ?'ங்குது. வீட்ல ஏதும் பிரச்சனையான்னு மலையாளத்துல கேக்குது.

சுசீலாபாய்: ஐயோ! கடல்ல சாடப்போறீங்கன்னு நினைச்சிட்டாங்களாக்கும்!

தாசம்மாள்: பாட்டுத்தான் பாடுனேன்னு சொன்னேன். நம்பல. ஜீப்புல உக்கார வச்சு, சாயா வாங்கிக் குடுத்து, ஒரு மணிக்கூர் ஆறுதல் சொல்லித்தான் விட்டாங்க.

சுசீலாபாய்: உங்க பாட்டக் கேட்டுட்டுமா நம்பல?

தாசம்மாள்: கேட்டதுனாலதான்டி நம்பல.

சுசீலாபாய்: சிரிக்க வைக்காதீங்க... சாப்பாட்டு நேரம் அர மணிக்கூர்தான். இன்னைக்கு செவ்வா. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பாட முடியாது. நாளைக்கு எனக்கு விட்டுருங்க.

தாசம்மாள்: அது எப்பிடி? மூணாவது சரணம் பூரா என் தலையிலதான் இருக்கு. நான் எடுத்துக் குடுத்தாத்தான் மத்தவங்களுக்கு வழி.

சுசீலாபாய்: அதான் உங்களுக்குப் பழக்கமே தேவையில்லையே. எனக்குத்தான் வேணும்.

தாசம்மாள்: சரி, ஒரு அடி பாடு. கேட்டுட்டு முடிவு பண்ணுவோம்.

சுசீலாபாய்: ம்... ம்ம்... ஆ...

தாசம்மாள்: நிறுத்து, நிறுத்து. கீழ சாலையில லாரிக்காரன் ஹார்ன் அடிக்கான்.

சுசீலாபாய்: அது வேற எதுக்கோ அடிக்கான்!

தாசம்மாள்: எடுக்கும்போதே மேல போயிருது. கொஞ்சம் இறக்கி எடு.

சுசீலாபாய்: எடுத்துக் காட்டுங்களேன்.

தாசம்மாள்: நானா... வேண்டாம். தொண்டைய ஞாயித்துக்கிழமைக்குன்னு காப்பாத்தி வச்சிருக்கேன்.

சுசீலாபாய்: அக்கா... ஒண்ணு சொன்னா சிரிக்கக்கூடாது.

தாசம்மாள்: சொல்லு.

சுசீலாபாய்: போன வாரம் பிராக்டீஸ் முடிஞ்சதும் பிபின் என்னத் தனியா கூப்பிட்டான்.

தாசம்மாள்: ...பிபினா?

சுசீலாபாய்: நம்ம கொயர் மாஸ்டர்தான், வேற யாரு? கீபோர்டை மூடி வச்சான். 'ஆன்ட்டி, ஒண்ணும் நினைக்கக்கூடாது. ஆன்ட்டிக்கு சுருதி நிக்கல. ஞாயித்துக்கிழம வாய மட்டும் அசைச்சாப் போதும், கேட்டோ'ன்னுட்டான்.

தாசம்மாள்: வாய மட்டுமா?

சுசீலாபாய்: பதினேழு வருசமா பாடுறேன். அன்னையிலருந்து சோறு இறங்கல எனக்கு. ஆறு நாளும் கடையில நிக்கேன். 'இதுல வேற கலர் உண்டா?'ன்னு கேக்குறவங்களுக்கெல்லாம் துணி விரிச்சுப் போடுறேன். ஏழாம் நாளு அந்த வெள்ளச் சேலையக் கட்டிட்டுப் பாடுறது ஒண்ணுதான்க்கா எனக்குன்னு இருக்கு.

தாசம்மாள்: அழாத... வேற என்ன சொன்னான்?

சுசீலாபாய்: யாருட்டயும் சொல்லாதீங்கன்னான். 'தாசம்மாள் ஆன்ட்டி சத்தம் இருக்குல்ல, அது எல்லாத்தையும் மூடிக்கும்'னான்.

தாசம்மாள்: அப்பிடியா சொன்னான்?

சுசீலாபாய்: சனிக்கிழம வரைக்கும் இங்க பழகிட்டு, அவன் முன்னால போயிப் பாடிக் காட்டப்போறேன். சேத்துக்கிட்டா சந்தோசம். இல்லன்னா வாய அசைச்சிட்டு நிக்கேன். நீங்க இருக்கீங்க, அந்தத் தைரியம்தான்.

தாசம்மாள்: மத்த மூணு பொம்பளைங்க இருக்காங்கல்ல.

சுசீலாபாய்: அந்த மூணும் என்னைக்குச் சத்தம் விட்டிருக்கு? நம்ம ரெண்டு பேரும் எடுத்தாத்தான் அதுக மூச்சே விடும். ஆம்பளக் குரலுக்கு இருந்த ஒரே ஆளும் கல்ஃபுக்குப் போயாச்சு... ஏன்க்கா எந்திரிக்கீங்க? கைய விடுங்க, எங்க இழுக்குறீங்க?

தாசம்மாள்: பிபின் வீட்டுக்கு.

சுசீலாபாய்: இப்பவா! ரெண்டு மணிக்கு நான் கடையில நிக்கணும். வேண்டாம்க்கா, எனக்காக நீங்க அவங்கிட்ட சண்ட போடாதீங்க...

தாசம்மாள்: உனக்காக இல்லடி. எங்கிட்டயும் அந்தக் கீபோர்டை மூடி வச்சுட்டுத்தான் பேசினான். 'ஆன்ட்டி வாய மட்டும் அசைங்க, சுசீலாபாய் ஆன்ட்டி சத்தம் எல்லாத்தையும் மூடிக்கும்'னான்.