பாஸ்வேர்டை மாத்தினது யாரு

இல்ல தம்பி, அது இருக்கட்டும், அதத் தொடாதீங்க. கைய எடுங்க மொதல்ல. வெப்சைட்ல என் போட்டோவுக்குக் கீழ லேத்து மெஷினோட விவரம் இருக்குன்னா இருந்துட்டுப் போவுது. பழைய மாடல், சத்தம் வரும், இன்னும் ஓடுது. நானும் படிச்சேன். தப்புன்னு நீங்க வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?

உக்காருங்க. ஹரீஷ்தானே பேரு? ஹரீஷ்குமார். சரி. கதவு தொறந்தே இருக்கட்டும், ஷாப்புல பிரஸ் மெஷின் ஓடற சத்தம் காதுல விழணும் எனக்கு. சத்தம் நின்னா எவனோ செல்லு பாக்கறான்னு அர்த்தம்.

நீங்க சொன்னத நான் ஒருவாட்டி திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க. ரெண்டு வழி இருக்கு. ஒன்னு, இப்ப நம்ம வெப்சைட் இருக்கற மாதிரி. படத்தையும் எழுத்தையும் மவுஸால இழுத்து அங்கங்க ஒட்டிக்க வேண்டியது. இன்னொன்னு, நீங்க கம்ப்யூட்டர் கோடு எழுதி, அத ஒரு எடத்துல ஏத்தி வச்சு, அங்கேருந்து ஓட்டறது. ரெண்டாவதுதான் நல்லதுங்கறீங்க. எனக்கு நல்லதா, உங்களுக்கு நல்லதா? கோபப்படாதீங்க. குந்தாரப்பள்ளி சந்தையில மாட்டுக்குப் பல்லு புடிச்சுப் பாக்கறமா இல்லையா, அந்த மாதிரி கேட்டுக்கறேன்.

அந்தக் கோடுல நாளைக்கு ஒரு போன் நம்பர் மாத்தணும்னா யாரு மாத்துவா? நீங்க. நீங்க இல்லன்னா? உங்கள மாதிரி இன்னொருத்தர். அப்ப கோடு தெரியாதவன் எட்ட நின்னு வேடிக்கை பாக்க வேண்டியதுதான். அதத்தானே கேட்டேன், அதுக்கு ஏன் சுத்தி வளைக்கறீங்க?

என்னது? ஆமா, அதையும் சொன்னீங்க. யாரு, எப்ப, எத மாத்தினாங்கன்னு எல்லாம் பதிவாயிடும். யாரும் ஒளிஞ்சு மறைஞ்சு உள்ள வர முடியாது. அதச் சொன்னா நான் குஷியாயிடுவேன்னு முனிவேல் சொல்லி அனுப்பினானா? அவன் என் ஃபோர்மேன்தான், நல்லவன்தான். ஆனா சைட்டுக்குள்ள யாரோ திருட்டுத்தனமா வர்றாங்கன்னு ஊர் பூரா சொல்லி வச்சிருக்கான்.

வர்றாங்க. அது நெசம்தான்.

போன வருஷம் எனக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வச்சாங்க. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு வூட்ல கண்டிச்சு வச்சிருந்தேன். ஓனர் படுத்துட்டான்னு தெரிஞ்சா ஆர்டர வேற ஷாப்புக்குத் திருப்பிருவாங்க, இந்த சிப்காட்ல அதான் நடக்கும். நான் ஆஸ்பத்திரியில கெடக்கேன், பெங்களூரு பொம்மசந்திராலேருந்து ஒரு கஸ்டமரோட பர்ச்சேஸ் ஆபீசரு முனிவேலுக்குப் போன் போட்டு, சாரு ஹேகித்தாரே, எப்பிடி இருக்காருன்னு கன்னடத்துல கேக்கறாரு. எப்பிடித் தெரியும்னு கேட்டா, உங்க வெப்சைட்லயே போட்டிருக்கேங்கறாரு. போயி பாத்தா, உரிமையாளர் ஓய்வில் இருக்கிறார், வேலை வழக்கம்போல் நடக்கிறது, முனிவேலை அழைக்கவும்னு போட்டு, கீழ நம்பரும் இருக்கு.

எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? ஸ்டென்ட்டே பிச்சுக்கிட்டு வந்துரும் போல இருந்துச்சு. ஆர்டர் எதுவும் போவல, அது வேற விசயம். சொல்லப்போனா ஒரு கஸ்டமர் கூட நகரல. ஆனா எவன் உள்ள வந்தான்? யாரக் கேட்டு எழுதினான்?

மொதல்ல மேக்ஸ்வெல் மேலதான் சந்தேகம். எங்க அண்ணன் மகன். எங்கிட்ட வேலை கத்துக்கிட்டு எதுத்த தெருவுலயே ஷாப் போட்டவன். அவன்தான்னு முடிவே பண்ணிட்டேன். சர்ச்சுல அவன் பையனுக்கு மொத மொதல்ல நற்கருணை குடுத்த புதுநன்மைக்குக் கூட போவல. கோயில் வாசல்ல பாத்தா மூஞ்சியத் திருப்பிக்குவேன். பாவம், அவனுக்கு இன்னிக்கு வரைக்கும் ஏன்னே தெரியாது.

அப்பறம் புது மெஷின் எறங்குச்சு. ஷெட்டுல எறக்கினப்ப போட்டோ புடிச்சது ஒரே ஒரு செல்லு, என் சம்சாரம் ஜெபசீலியோடது. மறுநாள் பாத்தா அந்தப் படம் சைட்ல நிக்குது. ஓரத்துல எங்கால் செருப்பு தெரிஞ்சுது, அத அழகா வெட்டி எடுத்துட்டு வேற போட்டிருந்துச்சு. ஜெபசீலியக் கேட்டா, எனக்கென்ன தெரியும்னு கொழம்பக் கெளறப் போயிட்டா. அடுப்பே பத்த வைக்கல தம்பி. எந்தக் கொழம்பக் கெளறினாளோ.

அதான் நானே ஒரு பொறி வச்சேன். இந்தக் கம்ப்யூட்டர்ல அந்த சைட் தொறந்தேதான் கெடக்கும். இழுத்து ஒட்டறதுதானே, நானும் தட்டுத் தடுமாறிக் கத்துக்கிட்டேன். மே ஒன்னாந்தேதி கம்பெனி வேலை நாள்னு போட்டு வச்சேன். பொய்யி. மே ஒன்னு இங்க மெஷின் மந்திரிக்கற நாளு. ஃபாதர் வந்து ஒவ்வொரு மெஷினுக்கும் தீர்த்தம் தெளிப்பாரு. ஆயுத பூஜைக்கு முனிவேலு பூசணிக்கா ஒடப்பான், மே ஒன்னுக்கு ஃபாதர் தெளிப்பாரு, ரெண்டும் உண்டு நம்ம ஷாப்புல. இது வெளியாளுக்குத் தெரியாது. மேக்ஸ்வெல்லா இருந்தா அப்பிடியே விட்டு வேடிக்கை பாப்பான்னு நெனச்சேன்.

மத்தியான சோறு தின்னுட்டு வந்து பாக்கறேன். மே ஒன்னு மெஷின் மந்திரிப்பு, அனைவரும் வருக, பாயசம் உண்டுன்னு திருத்தி இருக்கு.

பாயசம் உண்டுன்னு.

அது வரைக்கும் எங்க ஷாப்புல மந்திரிப்புக்குப் பாயசம் ஊத்திக் குடுத்தது ஒரே ஒரு ஆளுதான் தம்பி. அந்தப் பழக்கம் நின்னு போயி வருஷமாச்சு. அன்னிக்கு நான் ஓட்டல்ல சொல்லி பாயசம் வாங்கியாரச் சொன்னேன். சைட்லயே போட்டாச்சு, குடுக்காம இருக்க முடியுமா? முனிவேலு என்னை ஒரு மாதிரி பாத்தான்.

அதுக்கப்பறம் பொறி இல்ல. சும்மா. அப்பப்ப ஒரு தப்பு போட்டு வைப்பேன். ஓசூருக்கு ஒரு எழுத்தக் கொறைப்பேன். மெஷின் படத்தத் தலைகீழா ஒட்டுவேன். ஒரு நா, ரெண்டு நா, சரியாயிடும். கிறிஸ்மஸுக்கு நான் ஒன்னுமே போடல, தன்னால குடில் படம் வந்து நிக்குது. எங்க வூட்டுக் குடிலுதான், அந்தக் கழுத்தொடஞ்ச ஒட்டகத்த எனக்குத் தெரியாதா?

இப்ப நீங்க சொல்லுங்க. திங்கக்கெழமை காலைல என் போட்டோவுக்குக் கீழ லேத்து விவரத்தப் போட்டேன். இன்னிக்கு வெள்ளி. அப்பிடியே கெடக்கு. இவ்ளோ நா எதுவும் கெடந்ததில்ல. ஒடம்பு சரியில்லையோ, என்னமோன்னு நேத்து பூரா எனக்குச் சோறு எறங்கல. ஜெபசீலியக் கேக்கவும் முடியல, கேட்டா நான் தோத்துப் போன மாதிரி. இன்னிக்குக் காலைல பாத்தா என் கம்ப்யூட்டரே பாஸ்வேர்டு தப்புங்குது. அப்பறம்தான் முனிவேலு வாயத் தொறக்கறான், நீங்க திங்கக்கெழமையே வந்து பாத்துட்டுப் போனீங்கன்னு. நான் இல்லாத நேரமாப் பாத்து.

மாத்தினது நீங்கதானே? சேஃப்டிக்கா? யாருக்கு சேஃப்டி?

இல்ல, கத்தல. எனக்குக் கொரலே அப்பிடித்தான். ஸ்டென்ட் இருக்கு, கத்த மாட்டேன்.

பழைய பாஸ்வேர்டையே திருப்பிப் போடுங்க. அதே எழுத்து, அதே நம்பரு, எதுவும் மாறக் கூடாது. அந்தக் கோடு வேணாம். நல்லதாவே இருக்கட்டும், வேணாம். யாரு வந்தாங்கன்னு பேரு பதிவாயிடும்ல, பேரு தெரிஞ்சுதுன்னா நான் பாத்துட்டேன்னு ஆயிரும். அப்பறம் வர மாட்டா. பிடிவாதம் ஜாஸ்தி, எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்காதீங்க.

எம்பொண்ணு, லிபியா. இந்த சைட்டே காலேஜ் படிக்கறப்ப அவ செஞ்சதுதான். பாகலூர்ப் பக்கத்துப் பையன், கோவிந்தன்னு பேரு, அவனக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. நானும் கூப்பிடல, அவளும் வரல. வூட்டுக்குள்ள வரல, அவ்ளோதான். இங்க, இந்த சைட்டுக்குள்ள, வந்துக்கிட்டுதான் இருக்கா.

பி.காம் படிச்சவ தம்பி. கோடெல்லாம் அவளுக்கு வராது. இழுத்து ஒட்டறதுதான் தெரியும். அதுவே இருக்கட்டும்.

போட்டாச்சா? தொறக்குதா? சரி. அந்த லேத்து விவரம் அப்பிடியே இருக்கட்டும், நீங்க திருத்திராதீங்க. டீ வருது, குடிச்சுட்டுப் போங்க. ஸ்கிரீன மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கமாத் திருப்பி வச்சுருங்க.