அபூசாலியின் பிசிர்கள்

மஃரிப் தொழுகைக்குப் பத்து நிமிடம் இருந்தது, இருட்டிக்கொண்டு வந்தது. சம்மாந்துறைப் பக்கம், வயலுக்கு நடுவே போகும் பாதை. ஒரு விளக்கும் கிடையாது. அதில் ஸ்கூட்டியில் தனியாக வந்தவள் நதீரா, என் கூட்டாளி றாஸிக்குக்கு மச்சி முறை. கரண்ட் வரும்வரை சொல்கிறேன். இன்னும் கொஞ்சம் நெருங்கி இருங்கள்...

கலாநிதிப் பட்டத்துக்கு அவள் ஆராய்ந்தது பிசிர்களை. நம் மூக்கின், மூச்சுக்குழாயின் உட்புறம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத பிசிர்கள். ஒவ்வொன்றின் அடியிலும் புன்மையத்தி என்று ஒரு வேர். அவை ஓயாமல் அசைந்து சளியை மேலே தள்ளும். கேட்காமலே அல்லாஹ் தந்த உதவி.

சாய்ந்தமருது அபூசாலிக் காக்காவுக்கு அறுபது வருடமாக ஈர இருமல். அவர் மூக்கிலிருந்து மெல்லிய பிரஷ்ஷால் எடுத்த கலங்களை நதீரா ஒரு தட்டில் வளர்த்தாள். ஒப்பிட்டுப் பார்க்க, தன்னுடையவற்றைப் பக்கத்துத் தட்டில். அவளுடைய பிசிர்கள் காற்றில் நெற்பயிர் போல அசைந்தன. அவருடையவை அசையவே இல்லை.

அவர் கேட்டது ஒன்றுதான்.

"எனக்கு ஒண்டும் வேணா புள்ள. பேத்தி ஸப்னாவும் இப்பிடித்தான் இருமுறாள். அவளுக்கும் இதே நோயா எண்டு மட்டும் சொல்லித் தாங்க."

விடை அவள் கையில் இருந்தது. பரம்பரையில் வரும் நோய். பிள்ளையைச் சீக்கிரம் காட்டாவிட்டால் நுரையீரல் கெடும். ஆய்வேட்டின் அத்தியாயத்தை எழுதி முடித்துவிட்டுச் சொல்வோம் என்று மூன்று கிழமை, இருபத்தொரு நாள், சொல்லாமல் வைத்திருந்தாள். கெட்டவள் இல்லை. நாமும் இப்படித்தானே...

அன்று நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தாள். அபூசாலியின் பிசிர்கள் அசைந்தன. பக்கத்துத் தட்டில் அவளுடையவை... அப்படியே நின்றன. பெயரை மாற்றி ஒட்டிவிட்டேனோ? தன் மூக்கிலிருந்து புதிதாக எடுத்து வைத்தாள். அசைவில்லை.

தொண்டையில் ஏதோ ஏறியது. இருமினாள். ஈர இருமல். அவருடைய இருமல்.

ஆய்வுகூடத்திலிருந்து ஓடிவந்து, அபூசாலியின் வீட்டுக்குப் போக ஸ்கூட்டியை எடுத்தாள். வயல் பாதையில் கற்பூர வாசம்... இறந்தவரின் ஜனாஸாவைக் குளிப்பாட்டும்போது வருமே, அது. பின்சக்கரம் பாரமாக இழுத்தது. இருமிக்கொண்டே ஓட்டினாள். அவள் இருமி ஓய்ந்த பிறகும்... பிடரிக்குப் பின்னால் ஓர் இருமல். காவலுக்கு ஆயத்துல் குர்ஸியை ஓதினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அபூசாலியின் வாசலில் பிளாஸ்டிக் கதிரைகள். காலையில் மவுத்தானவரைப் பின்னேரம் அஸருக்கு அடக்கிவிட்டார்கள். அவளுக்கு யாரும் அறிவித்திருக்கவில்லை.

ஸப்னாவின் உம்மாவான அவருடைய மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஸப்னாவை நாளைக்கே டொக்டரிடம் காட்டச் சொன்னாள். தானே கூட்டிப் போவதாகவும் சொன்னாள். சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. இருமல் நின்றது.

அப்போது ஸப்னா உள்ளேயிருந்து இஞ்சிப் பிளேன்டியோடு வந்தாள். ஏழு வயது. இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்திருந்தாள்.

"மூத்தாப்பா குடுக்கச் சொன்னார். உங்களுக்கு இருமலாம்."

அபூசாலிக் காக்கா எப்போது சொன்னார் என்று நதீரா கேட்டாள்.

"இப்பதான். உங்கட ஸ்கூட்டிக்குப் பின்னால இருந்து எறங்கக்குள்ள."