ஒரே கட்டாகக் கட்டிவிட்ட சீட்டுகள்

மேடையில் இருக்கிற சங்கத் தலைவர் ஐயாவுக்கும், அகராதி அலுவலகத்துப் பிள்ளைகளுக்கும், வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிற எங்கள் தெருக்காரர்களுக்கும் வணக்கம். எனக்குப் பயமாக இருக்கிறது. மைக்கைப் பார்த்து இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

என் வீட்டுக்காரரைச் சொல்லறிஞர் என்று புகழ்ந்தீர்கள். தெருவில் அவருக்குப் பெயர் ஒத்தை எழுத்துக்காரர். ஒன்பது வருஷமாக ‘மா’ என்கிற ஒரு எழுத்தையே பிடித்துக்கொண்டிருந்தார். “என்னக்கா, மாமா இன்னும் அந்த எழுத்தைத் தாண்டலையா?” என்று தையற்காரி கேட்பாள். “நீ முதல்ல என் துணியைத் தைச்சுக் குடுடி” என்பேன்.

நமக்கு மா என்றால் மரம், மாவு, விலங்கு. ஜப்பான்காரருக்கு இடைவெளியாம். இத்தாலிக்காரருக்கு ‘ஆனால்’. ஹங்கேரிக்காரருக்கு ‘இன்று’. அந்தந்தப் பாஷைக்காரர் வாயால் கேட்காமல் இவர் எழுத மாட்டார். ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தபோதும் வெளிநாட்டு டாக்டரிடம், “உங்க ஊர்ல மான்னா என்னங்க?” என்று கேட்டாரே, அப்படி யார் உழைப்பார்கள்? யார் உழைப்பார்கள்?

வீட்டு நீள மேஜையில், சொல்லுக்கு ஒன்றாக எழுதிய சீட்டுகளைக் குவியல் குவியலாக வைத்திருந்தார். ஒரே வேரில் வந்தவை ஒரு குவியல். சும்மா சத்தம் மட்டும் ஒத்துப்போகிறவை தனித்தனி. “ஜாடையைப் பாத்து உறவுன்னு சொல்லிடக் கூடாதும்மா” என்பார். நான் சுற்றித்தான் துடைப்பேன், தொட மாட்டேன். எது எந்தக் குவியல் என்று அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. எல்லாம் அவர் தலைக்குள்ளேயே இருந்தது.

அவர் போன அன்றைக்கு, உடம்பைக் கிடத்த இடம் வேண்டும், மேஜையை ஒதுக்குங்கள் என்றார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். எல்லாச் சீட்டுக்கும் தலையில் ஒரே எழுத்து. அந்த நேரத்தில் அவர் சொன்னது எனக்கு ஞாபகம் வருமா? பத்திரமாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் சேர்த்து அடுக்கி, நூல் போட்டு ஒரே கட்டாகக் கட்டிவிட்டேன்.

பதினோரு நாளாக வாய் திறக்கவில்லை. முந்தாநாள் அலுவலகத்துப் பிள்ளைகள், “அழகா அடுக்கியிருக்கீங்கம்மா” என்று வாங்கிப் போனார்கள். அப்போதாவது சொன்னேனா? பயந்து நின்றேன். இப்போது தலைவர் ஐயா, அவர் வைத்த வரிசையிலேயே அடுத்த மாதம் அச்சுக்குப் போகும் என்கிறார். அது அவர் வைத்த வரிசை இல்லை ஐயா, நான் வாரிப்போட்ட வரிசை. சம்பந்தமே இல்லாததெல்லாம் சொந்தம் என்று அவர் பெயரில் அச்சாகிவிடும். செத்தவர் எழுந்து வந்து திருத்துவாரா?

அச்சை நிறுத்துங்கள். என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். கட்டை மட்டும் திருப்பிக் கொடுங்கள். எந்த இடத்தில் எவ்வளவு உயரக் குவியல் இருந்தது என்று காட்டுவேன். சீட்டைப் படிக்கத்தான் ஆள் வேண்டும். அலுவலகத்தில் புரூஃப் பார்க்கிற தங்கச்சி, நீ வருவியாம்மா? காலையில் மேஜையைத் துடைத்து வைக்கிறேன். அவர் விட்ட வேலையை அங்கிருந்தே தொடங்குவோம். எதோடு சேரும் என்று தெரியாத சீட்டைத் தனியாகவே வைப்போம். ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை வைக்க எனக்கு இனிமேல் தைரியம் வராது.