விட்டு விட்டு வரும் பழுது

டீ ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், சார். என் மனைவி போடும் டீயில் இஞ்சி கொஞ்சம் தூக்கலாக இருக்கும். தொண்டைக்கு நல்லது.

விரிப்பைத் தூக்கினீர்கள். கம்பியைப் பார்த்தீர்கள். பிறகு என் காலைப் பார்த்தீர்கள். இதற்கு முன் மூன்று முறை இந்த இணைப்பைச் சரிபார்க்க வந்திருக்கிறீர்கள். ஒருமுறைகூட என் காலைப் பார்த்ததில்லை. அதனால் இன்று உங்கள் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்திருக்கிறது. கேட்டதற்கு ஒளிக்காமல் சொல்கிறேன். கதவை மட்டும் கொஞ்சம் சாத்திக்கொள்கிறேன்.

நான் கண்ணாடிக் கடை வைத்திருந்தவன். முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை, மூக்கில் மாட்டுகிறது. வருகிறவர்களை உட்கார வைத்து, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டே பதினாறு வருஷம் ஓட்டினேன். எதிர்ச்சாரியில் ஒரு பெரிய கடை வந்தது, என் கடை படுத்துவிட்டது. இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று மனைவியின் பிறந்த வீட்டுக்கு வந்தோம். வருகிற மாதத்தோடு மூன்று வருஷம்.

மாமனார் தேர்வுத் துறையில் பெரிய அதிகாரியாக இருந்தவர். ஆயுள் முழுக்க ஊராருக்கு மதிப்பெண் போட்ட கை, ஓய்வு பெற்ற பிறகும் நிற்கவில்லை. எனக்கு எவ்வளவு போட்டார் என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. சாப்பாட்டு மேஜையில் நான் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருப்பேன். அவர் மகளிடம், "இவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளும்மா" என்பார். அவள் கேட்பாள். நான் அவளிடம் போதும் என்பேன். அவள் அவரிடம், "போதுமாம்ப்பா" என்பாள். ஒரு மேஜை அகலத்தைக் கடக்க என் பேச்சுக்கு அவ்வளவு சுற்று வழி.

தினமும் நாலு மணிக்கு அவர் இந்தக் கணினியில் சதுரங்கம் ஆடுவார். கடல் தாண்டி எங்கேயோ இருக்கிற ஒரு பல் டாக்டரோடு. கடிகாரம் ஓடுகிற ஆட்டம்; நெட் போய்விட்டால் தோற்றதாகக் கணக்கு. போன வருஷம் ஒருநாள் நடு ஆட்டத்தில் நெட் நின்றுவிட்டது. நான் செய்தித்தாள் எடுக்க வந்து, இதோ இந்த ஜன்னலோரம் நின்றிருந்தேன். அவர் மேஜையைத் தட்டினார், நெட் பெட்டியைத் தட்டினார், அந்தப் பல் டாக்டரைத் திட்டினார். எனக்குச் சங்கடமாக இருந்தது. ஏதாவது செய்வது போலத் தெரியட்டுமே என்று இரண்டடி முன்னால் வந்து பெட்டியின் மேல் கையை வைத்தேன். விளக்கு எரிந்தது. நெட் வந்தது.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை, உங்களுக்குக் கைராசி இருக்கு" என்றார்.

என்னிடமே சொன்னார், சார். நடுவில் யாரும் இல்லை.

கைராசி இல்லை, கால்ராசி என்று மறுநாளே கண்டுபிடித்துவிட்டேன். வெளியிலிருந்து வருகிற கம்பி இந்த விரிப்புக்கு அடியில் போகிறது. ஒரு இடத்தில் நசுங்கி, உள்ளே ஒரு இழை அரை உயிரோடு இருந்தது. மிதித்தால் போகும், காலை எடுத்தால் வரும். இது தெளிவா, அது தெளிவா. பத்து தடவை பார்த்துவிட்டேன், சந்தேகமே இல்லை. சரி செய்ய ஐந்து நிமிஷம் போதும். செய்யவில்லை. தலைவலி தீர்ந்த பிறகு மாத்திரையை யார் நினைக்கிறார்கள்?

நான் பேராசைக்காரன் இல்லை. வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் மிதித்ததில்லை. அதுவும் வலது கால் கட்டைவிரலால், பூப்போல. பதிலுக்கு எனக்குக் கிடைத்ததும் சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஜன்னலோரம் கம்பிக்கு மேலேயே இந்த நாற்காலி. காலையில் முதல் ஆளாகச் செய்தித்தாள். ஒருநாள் யாரோ உறவினரிடம் போனில், "எங்க மாப்பிள்ளை இதுல புலி" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. அந்த வாரம் மட்டும் சந்தோஷத்தில் ஐந்து தடவை மிதித்துவிட்டேன்.

சிரமம் என் மைத்துனனால் வந்தது. மனைவியின் தம்பி. ஒரு பெரிய அலுவலகத்தில் நானூறு கணினிகளைக் கட்டி மேய்ப்பவன். சனிக்கிழமைதோறும் வருவான். அவன் வந்தால் நான் காலைத் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொள்வேன். நாள் முழுக்க நெட் ஆறு மாதிரி ஓடும். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினதும் நின்றுவிடும். அவன் பெட்டியை மாற்றினான். கணினியை மாற்றினான். பக்கத்து வீட்டு மைக்ரோவேவ் அடுப்பு மேல் சந்தேகப்பட்டு அவர்களோடு சண்டை போட்டான். கடைசியில் புதுக் கம்பி ஒரு சுருள் வாங்கி வந்தான்.

"குடு, நானே இழுத்துடறேன்" என்றேன்.

இழுத்தேன். பழைய கம்பியையே. புதுசு பரண் மேல் பத்திரமாக இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகும் நெட் போனபோது மாமனார் மகனைப் பார்த்து, "இதுக்கா உன்னை அத்தனை வருஷம் படிக்க வெச்சேன்? மாப்பிள்ளைகிட்டக் கேட்டுக்கோ" என்றார். அவன் நோட்டும் பேனாவுமாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அத்தான், நீங்க என்னதான் செய்யறீங்க? ஒண்ணொண்ணா சொல்லுங்க."

எனக்குப் பாவமாக இருந்தது. இரண்டு பிளக்கையும் பிடுங்கு, நாற்பத்தேழு வரை எண்ணு, சின்னதை முதலில் சொருகு, மூச்சு விடாமல் பெரியதைச் சொருகு என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டான். அலுவலகத்திலும் செய்து பார்த்திருக்கிறான். மேலதிகாரி முன்னால் நாற்பத்தேழு எண்ணியிருக்கிறான். இப்போது அவனை இரண்டு மாத விடுப்பில் அனுப்பியிருக்கிறார்கள். ஓய்வு நல்லதுதானே, முகத்தில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது.

உங்கள் மேல் உங்கள் மேலிடத்துக்குப் போன புகாரையும் நான்தான் எழுதினேன். மாமனார் சொல்லச் சொல்ல எழுதினது. 'அக்கறையின்மை' என்ற சொல் மட்டும் என்னுடையது.

இனி நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை.

என் மனைவி வேறு ஒரு ஊரில் வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். பெரிய நூலகம், அட்டவணைப் பிரிவு. ஏழு மாதம் படித்தாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேள்வி கேட்டுக்கொள்வாள், கை அலம்பிக்கொண்டே பதில் சொல்வாள். நேர்காணல் இந்தக் கணினியில்தான். இந்த வீட்டுக்குள் கைபேசிக்குச் சிக்னல் எவ்வளவு கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதற்கு முந்தின நாள் என்னிடம் வந்தாள்.

"நாளைக்கு நீங்க பக்கத்துலயே இருங்க. நெட் போச்சுன்னா உங்களாலதான் முடியும்."

"இருக்கேன்" என்றேன்.

"வேலை கிடைச்சா ரெண்டு ரூம் வீடு தர்றாங்களாம். அங்க உங்களை யாரும் 'இவர்'னு சொல்ல மாட்டாங்க." இதைச் சொல்லும்போது அவள் என் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள். அவள் அப்பா என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. பழைய புண் அவளுக்கு மட்டும் ஆறவில்லை போலிருக்கிறது.

நேர்காணலில் திரைக்குள் மூன்று பேர். அவள் பேசப் பேச நானே அசந்துபோனேன். இவ்வளவு தெரிந்தவள் எனக்கா மூன்று வருஷம் சோறு பரிமாறினாள் என்று தோன்றியது. ஒரு கட்டத்தில் மூன்று பேரும் சிரித்தார்கள். நடுவில் இருந்த அம்மா முன்னால் சாய்ந்து, "சரி, நீங்க எப்ப வந்து சேர முடியும்?" என்றார்.

அந்த வீட்டை நான் யோசித்துப் பார்த்தேன், சார். இரண்டு அறை. புது இணைப்பு. நேராக, நசுங்காமல் வருகிற கம்பி. காலையில் அவள் வேலைக்குப் போவாள். பழுதே இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன்?

மிதித்தேன். கட்டைவிரலால் இல்லை, முழுப் பாதத்தால். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பதினோரு நிமிஷம். இரண்டு கையையும் பெட்டி மேல் வைத்துக்கொண்டு, "இதோ, இதோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நெட் வந்தபோது திரையில் யாரும் இல்லை.

அவள் அழவில்லை. என் நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்துவிட்டாள். "உங்க மேல தப்பில்ல. நீங்க எவ்வளவோ முயற்சி பண்ணீங்க" என்றாள். பார்த்தீர்களா, கூடவே இருந்தவள் அவள். நேரில் பார்த்துக்கொண்டிருந்தவளே அப்படிச் சொல்கிறாள் என்றால் நாம் இதற்கு மேல் என்ன பேசுவது?

நல்ல வேளையாக அவர்கள் பெரிய மனசுக்காரர்கள். நாளை காலை மறுபடி கூப்பிடுவதாக எழுதியிருக்கிறார்கள். அதற்காகத்தான் அவளே உங்களுக்குப் போன் செய்தது.

நீங்கள் புதுக் கம்பியைச் சுவரோரமாக, உயரத்தில் அடித்துவிட்டதைப் பார்த்தேன். சுத்தமான வேலை. குறையே சொல்ல மாட்டேன், மேலிடத்துக்கு நானே பாராட்டி எழுதித் தருகிறேன். ஒரே ஒரு உபகாரம். அதை அப்படியே இறக்கி, இந்த நாற்காலிக்குக் கீழாகக் கொண்டுபோக முடியுமா? நாளைக்கு நடுவில் ஏதாவது ஆகிவிட்டால் அவளுக்கென்று இந்த வீட்டில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?